உடுவில் முந்திரிகைப் பந்தலின் கீழே

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் ஏறினால் கொக்குவில், தாவடி, இணுவில் தாண்டி மருதனார்மடம் வரும். சந்தையடியில் இறங்கி மேற்கே திரும்பி நடந்தால் உடுவில். பெரிய தூரமில்லை. ஆனால் வீதியின் இரைச்சல் அடங்கி, செம்பாட்டு மண்ணும் வாழைத் தோட்டமும் வெங்காயப் பாத்தியும் தொடங்கும்போது வேறு ஊருக்கு வந்துவிட்டோம் போல இருக்கும்.

உடுவில் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மகளிர் கல்லூரி. 1824 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பாடசாலை அது. பெண் பிள்ளை எழுதப் படித்தால் கலியாணம் நடக்காது என்று ஊர் சொல்லிய காலம். இன்று அதற்கு 200 வயது கடந்துவிட்டது. பக்கத்தில் மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரி. இரண்டு பெரிய பெண்கள் கல்லூரிகளுக்கு நடுவே உள்ள மண் இது. ஆனால் நான் போன பங்குனி மாதம் அங்கு போனது கல்லூரி பார்க்க அல்ல, ஒரு முந்திரிகைப் பந்தலைப் பார்க்க.

வெளியூர்ச் சகோதரிகளுக்காக ஒரு சொல். தமிழ்நாட்டார் திராட்சை என்று சொல்வதைத்தான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்கிறோம். கஜுவுக்கு எங்கள் பெயர் மரமுந்திரிகை. ஆகவே இந்தக் கட்டுரையில் முந்திரிகை என்று வரும் இடமெல்லாம் கொடியில் குலை குலையாகத் தொங்கும் அந்தக் கறுத்தப் பழத்தையே எண்ணிக்கொள்ளுங்கள்.

பந்தல்

ஒழுங்கைக்குள் போய்ப் படலையைத் திறந்தவுடனேயே வெயில் நின்றுவிட்டது. தலைக்கு மேலே பச்சைக் கூரை. அதிலிருந்து ஊதா நிறக் குலைகள். "குனிஞ்சு வாங்கோ பிள்ளை, குலை தலையில முட்டும்" என்று கூப்பிட்டார் அந்த அக்கா. அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன்.

இரண்டு பரப்புக் காணியில் நாற்பது கொடி. இனத்தின் பெயர் இஸ்ரேல் புளூ. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் அதிகம் காண்பது இதுதான். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, தடித்த தோல், உள்ளே விதை. இந்தச் செம்மண்ணும் அதன் கீழே உள்ள சுண்ணாம்புக் கல்லும் கிணற்று நீரும் அதற்குப் பிடித்துவிட்டன.

முந்திரிகை சும்மா விட்டால் காய்க்கும் பயிர் அல்ல. கொடியைக் கத்தரித்தால்தான் புதுத் தளிர் வரும். தளிரோடுதான் பூவும் வரும். கத்தரித்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் பழம் பறிக்கலாம். இப்படி வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். மழைக்காலம்தான் பகை. இலையின் கீழ்ப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் நாலைந்து நாளில் பந்தல் கருகிவிடும். அதற்கு அடிப்பது போர்டோக் கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீர். அதற்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. பிரான்சில் போர்டோப் பக்கத்து விவசாயிகள், வீதியோரக் கொடிகளில் பழம் களவு போகாமலிருக்க இந்த நீல நீரைத் தெளித்து வைத்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பதை மில்லாடே என்ற பேராசிரியர் கண்டு, 1885 இல் அதை மருந்தாக உலகுக்கு அறிவித்தார். களவைத் தடுக்கச் செய்த வேலை நோயையும் தடுத்தது.

"எங்களுக்குக் கள்ளன் வௌவால்தான்" என்று சிரித்தார் அக்கா. பந்தலைச் சுற்றி வலை கட்டியிருந்தது.

கொடி பட்ட பாடு

இந்தப் பந்தலை முதலில் போட்டவர் அக்காவின் கணவர். 1990 இற்குப் பின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சீமெந்து இல்லை, கம்பி இல்லை, உரம் இல்லை. சீமெந்துத் தூணுக்குப் பதிலாகப் பனங்கம்பு நட்டார். தண்ணீர் இறைக்கும் மெசினைச் சில துளி பெற்றோல் காட்டித் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட விட்டார். அந்த மண்ணெண்ணெய் விலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது என்றார் அக்கா. நம்மில் யாருக்குத்தான் அது மறக்கும்?

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமமே நடந்தது. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, ஊர் ஊராக. அக்காவும் கணவரும் இரண்டு பிள்ளைகளோடு தென்மராட்சிக்குப் போனார்கள். 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது பந்தல் விழுந்து கிடந்தது. கம்பி ஒரு முழம் கூட இல்லை. கொடியெல்லாம் செத்துவிட்டது என்று நினைத்துக் கணவர் அடியில் வெட்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. "இது எங்களை விடக் கெட்டிக்காரி. தண்ணியில்லாமல் ஆறு மாதம் இருந்திருக்கிறாள்" என்று அவர் சொன்னாராம்.

அதே வருடம் ஒரு நாள் காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அக்கா அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் இதே வரி எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு கொடியைக் கத்தரிக்கவும் மருந்து அடிக்கவும் அக்காவே பழகினார். "கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாமல் முதல் வருசம் எல்லா முகையையும் வெட்டிப்போட்டன். ஒரு குலை வரேல்லை. அடுத்த வருசம் வந்தது."

2006 ஆவணியில் ஏ 9 பாதை மூடப்பட்டபோது பழத்தைத் தெற்குக்கு அனுப்ப வழியில்லாமல் போனது. முந்திரிகை வெங்காயம் அல்ல, கட்டித் தூக்கி வைக்க. பறித்து இரண்டு மூன்று நாளில் வாடத் தொடங்கும். ஊருக்குள்ளேயே எல்லோரும் விற்றால் வாங்க ஆளில்லை. 2009 இல் யுத்தம் முடிந்து பாதை திறந்த பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. நல்லூரும் நயினாதீவும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது முந்திரிகைப் பழமும் நெல்லி ரசமும் பனங்கட்டியும் வாங்கிப் போனார்கள். நல்ல விலை கிடைத்தது. ஆனால் ஒரே கிழமையில் எல்லாத் தோட்டமும் பழுத்தால் வியாபாரி சொல்வதே விலை. அந்த நிலை இன்றும் மாறவில்லை.

இரவில் கேட்ட வெடி

பழம் மிஞ்சிய ஒரு போகத்தில் அக்காவின் மகள் ஒரு யோசனை சொன்னார். சாறு பிழிந்து போத்தலில் அடைத்து விற்றால் என்ன? மகளுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். அவருடைய கணவர் குடியால் உடம்பு கெட்டு இறந்தவர்.

பழத்தைக் கழுவி, கையால் பிசைந்து, துணியில் வடித்து, சீனி போட்டு, பழைய போத்தல்களில் ஊற்றி இறுக மூடினார்கள். குசினி மூலையில் பன்னிரண்டு போத்தல். மூன்றாம் நாள் பின்னிரவில் 'டமார்' என்று வெடித்தது. தொடர்ந்து இரண்டாவது, மூன்றாவது.

"நான் கண் முழிக்க முதலே பேரப்பிள்ளையள் ரண்டையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போயிட்டன். சின்னவன் அழுறான், வாயைப் பொத்துறன். யுத்தம் முடிஞ்சு அத்தனை வருசம் பிள்ளை. உடம்பு மறக்கேல்லை" என்றார் அக்கா.

மகள்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். சுவரெல்லாம் சிவப்பு. ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டது என்றார். பிறகுதான் மணம் வந்தது. முந்திரிகையின் மணம். கட்டிலின் கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவரையொருவர் பார்த்து, பயம் தெளியாமலே, மூன்று தலைமுறையும் சிரித்ததாம்.

ஏன் வெடித்தது? இதைத் தெரிந்துகொள்வது சுயதொழிலாகப் பழரசம் செய்யும் எல்லோருக்கும் நல்லது. முந்திரிகைத் தோலிலும் காற்றிலும் பாத்திரத்திலும் மதுவம் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இருக்கிறது. சாற்றிலுள்ள சீனியை அது தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடும். இதுவே நொதித்தல். அப்பமாவைப் புளிக்க வைத்தால் பொங்குவதும் இதனால்தான். மூடிய போத்தலில் வாயு போக இடமில்லை. ஒரு கட்டத்தில் கண்ணாடி தாங்காது.

பன்னிரண்டில் சில போத்தல்கள் தப்பின. அவற்றில் ஒன்றை மெதுவாகத் திறந்தபோது நுரை பொங்கி வந்தது. மகள் ஒரு தேக்கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். இனிப்புக் குறைந்து, நாக்கில் சுள்ளென்று ஏறி, தொண்டையில் மெல்லச் சுட்டது. "அம்மா, இது வைன்" என்றார். அந்தக் குடும்பத்தின் முதல் வைன் அப்படித்தான், ஒருவரும் கேட்காமல், தானாக உண்டானது.

அக்கா மிச்சம் முழுவதையும் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார்.

ஒரு பழம், இரண்டு வழி

நான் போன அன்று மேசையில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்று அவர்கள் இப்போது செய்கிற முந்திரிகை ரசம். மற்றது அக்காவின் தம்பி தோலகட்டியிலிருந்து வாங்கி வந்த வைன். "ரண்டையும் குடிச்சுப் பாத்திட்டு நீங்களே சொல்லுங்கோ அன்ரி. அம்மாவுக்கும் எனக்கும் இதில வழக்கு" என்றார் மகள்.

தோலகட்டி ஆசிரமம் பற்றி வடக்கில் அறியாதவர்கள் குறைவு. வசாவிளான் பக்கத்தில் 1928 ஆம் ஆண்டு அருட்தந்தை பி. ஏ. தோமஸ் அவர்கள் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை அது. பிறருடைய பணத்தில் தங்கியிராமல் சொந்தக் கையால் உழைத்து வாழ வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். அந்த உழைப்பில் பிறந்தவைதான் நெல்லி ரசமும் முந்திரிகை வைனும். பின்னாளில் பெண் துறவிகளின் கிளையும் உண்டானது. கத்தோலிக்கப் பூசைக்குக் கலப்பில்லாத உண்மையான முந்திரிகை வைன் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே அங்கு வைன் செய்வது குடிக்காகத் தொடங்கிய தொழில் அல்ல.

உடுவிலுக்கு வந்த அமெரிக்க மிஷனாரின் வழி வேறு. அவர்கள் மதுவிலக்கை வலியுறுத்தியவர்கள். அவர்களுடைய நாட்டிலேயே இந்த வழக்குக்கு ஒரு குடும்பம் விடை தேடியது. தோமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர், 1869 இல் நியூஜேர்சி மாநிலத்தில் வைன்லன்ட் என்ற ஊரில், நற்கருணைக்கு மது இல்லாத சாறு வேண்டும் என்று முயன்றார். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ரர் அந்தச் சில வருடங்களுக்கு முன்புதான் வைன் கெட்டுப்போகாமல் காப்பதற்கு மிதமாகச் சூடாக்கும் முறையைக் கண்டிருந்தார். வெல்ச் அதையே சாற்றுக்குச் செய்தார். போத்தலோடு சூடாக்கியதும் மதுவம் செத்தது. சாறு சாறாகவே நின்றது. வீட்டுக் குசினியில் மனைவி மகனோடு தொடங்கிய அந்த வேலையை மகன் சாள்ஸ் பெரிய தொழிலாக வளர்த்தார். இன்று உலகம் குடிக்கும் போத்தல் முந்திரிகைச் சாற்றின் தொடக்கம் அதுதான்.

ஆக, அக்கா வீட்டு மேசையில் இருந்த இரண்டு போத்தலும் இரண்டு வழிகள். பழம் ஒன்று. நடுவே நிற்பது அடுப்புச் சூடு மட்டும்.

முதலில் ரசம். தண்ணீர் சேர்த்துக் கரைத்து, கிணற்று நீரில் வைத்துக் குளிர்த்திய ரம்ளரில் தந்தார்கள். கறுத்த ஊதா நிறம். முதலில் இனிப்பு, பின்னால் தோலின் துவர்ப்பு, கடைசியில் பந்தலுக்குள் நுழைந்தபோது வந்த அதே மணம். வெயிலில் நடந்து வந்த உடம்புக்கு அது பாலாய் இறங்கியது.

பிறகு வைன். ஒரு சின்னக் கோப்பையில் கால்வாசி. வாழ்க்கையில் நான் குடித்த முதல் மிடறு அது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. கறுவா, கராம்பு மணம் முன்னால் வந்தது. தேன் போல இனிப்பு. விழுங்கிய பின் நெஞ்சில் ஒரு இளஞ்சூடு. நன்றாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனால் அந்த மணத்தை மூக்கில் வைத்தபோது என் மனதில் வந்தது கறுவா அல்ல. முகாமில் பக்கத்துத் தறப்பாளுக்குள்ளிருந்து இரவில் வந்த கசிப்பு மணமும், அதன் பின்னால் கேட்ட அடிச் சத்தமும்தான். உங்களில் பலருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

தாயும் மகளும்

"இதைச் செய்யலாம் எண்டு நான் சொல்லுறன்" என்றார் மகள். "குடிச்சுச் செத்தவர்ர பெண்சாதி நான். நான்தான் சொல்லுறன். அவர் குடிச்சது வைன் இல்லை, கசிப்பு. கசிப்புக் குடிக்கிற ஆள் இதை வாங்கப் போறதில்லை. வெளிநாட்டில இருந்து வாற சனம், ஹோட்டல்காரர் வாங்குவினம். ஒரு போத்தல் ரசத்தை விட ஒரு போத்தல் வைனுக்கு எத்தனை மடங்கு விலை. பிள்ளையளைப் படிப்பிக்க வேணும் அன்ரி."

அக்கா பதில் சொல்லாமல் பழத்தைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அந்த மனுசன் வைச்ச கொடி. இதில விளையிற பழம் ஒருத்தர் வீட்டுப் பிள்ளையையும் கட்டிலுக்குக் கீழ போக விடக்கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

இருவர் சொல்வதும் சரி என்று எனக்குப் பட்டது. ஆகவே நடைமுறையைப் பேசினோம்.

முதலாவது சட்டம். இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மதுபானம் செய்வதும் விற்பதும் குற்றம். வீட்டில் கொஞ்சமாகச் செய்தேன் என்பது விலக்கல்ல. இதில் பெண்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று, மதுபானம் விற்கும் இடத்தில் பெண்களுக்கு விற்பதைத் தடுத்தது. மதுபானம் செய்யும் இடத்திலோ விற்கும் இடத்திலோ பெண்ணை வேலைக்கு வைக்க மதுவரி ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்றது. 2018 தை மாதம் அன்றைய நிதியமைச்சர் அதை நீக்கிக் கையெழுத்திட்டார். சில நாளிலேயே அன்றைய ஜனாதிபதியின் பணிப்பால் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தத் தொழிலை எண்ணும் எந்தப் பெண்ணும் அன்றைய நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மதுவரித் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முதல் வேலை.

இதை நான் சொன்னபோது அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு உதை வாங்கிற ஆசையும் இல்லை, குடிக்கிற ஆசையும் இல்லை பிள்ளை. ஆனால் செய்யிறதோ விடுறதோ, அதை நான்தான் முடிவெடுக்க வேணும். வேற ஆரும் எனக்காக முடிவெடுக்கிறது என்ன?" மகள் தாயைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு இடத்தில் வழக்கு இல்லை.

இரண்டாவது காலம். வைன் என்பது பழத்தைப் போத்தலில் போட்டால் வருவதல்ல. ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி முழுதாக நொதித்தால்தான் அற்ககோல் 1 சதவீதம் வரும். ஆகவே 12 சதவீத வைனுக்கு லீற்றருக்கு 200 கிராம் சீனி வேண்டும். தின்னும் பழத்தில் அவ்வளவு இராது, சேர்க்க வேண்டும். எங்கள் வெக்கையில் தொட்டியின் சூடு ஏறினால் மணம் போய்விடும், குளிர்விக்க வேண்டும். பிறகு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடியில் கன்வல் குரோவர் குடும்பத்தினர் 1980 களில் பிரெஞ்சு இனங்களை நட்டுப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய முதல் வைன் சந்தைக்கு வந்தது 1992 இல். வருடக் கணக்கில் கை முதலைப் போட்டுவிட்டுப் பொறுத்திருக்க அவர்களால் முடிந்தது. சுழற்சிக் கடன் மாதத் தவணை கட்டுகிற எங்களால் முடியுமா?

தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வைன் ஆலை உண்டு. ஆனாலும் அங்கு விளையும் பன்னீர் திராட்சை பெரும்பாலும் பழமாகவே விலைப்படுகிறது. அந்தப் பழத்துக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, கம்பத்துப் பழம் என்ற பெயரே அதற்கு ஒரு சொத்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்து முந்திரிகைக்கும் ஒரு நாள் அப்படி ஒரு பெயர் கிடைத்தால், பழத்தை எதுவாக மாற்றினாலும் விலை விவசாயி கையில் நிற்கும்.

இப்போது செய்வது

வெடித்த இரவுக்குப் பிறகு விவசாயத் திணைக்களத்துப் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வந்து காட்டிக் கொடுத்த முறையில்தான் இன்று ரசம் செய்கிறார்கள். செய்ய நினைக்கும் சகோதரிகளுக்காகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

நன்கு பழுத்த, வெடிக்காத பழங்களை மட்டும் காம்பு நீக்கிக் கழுவ வேண்டும். கொதித்தாறிய நீரில் கடைசிக் கழுவல். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தெரிய வந்த பிறகு, தண்ணீரைப் பரிசோதிப்பித்துத்தான் தொழிலுக்கு எடுக்கிறார்கள். பழத்தைப் பிசைந்து மெல்லிய சூட்டில் சற்று நேரம் வைத்தால் தோலிலுள்ள நிறம் சாற்றில் இறங்கும். கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் மணம் போய்விடும். வடித்து எடுத்தால் 10 கிலோப் பழத்துக்கு 6 லீற்றர் அளவில் சாறு வருகிறது. ஒரு இரவு குளிரில் வைத்துத் தெளிந்த மேற்பகுதியை மட்டும் எடுத்து, சீனிப் பாகு சேர்த்து, கொதிநீரில் போட்டெடுத்த போத்தல்களில் ஊற்ற வேண்டும். பிறகு போத்தலைச் சுடுநீர்த் தொட்டியில் வைத்து 80 முதல் 85 பாகை செல்சியசில் அரை மணி நேரம். வெப்பமானி கட்டாயம். கை வைத்துப் பார்த்துச் சூடு சொல்ல முடியாது.

ஒரு முறை கடைக்காரர் ஒருவர் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், அடியில் கண்ணாடித் தூள் கிடக்கிறது என்று. அக்கா பயந்து போனார். அது கண்ணாடி அல்ல. முந்திரிகையில் இயற்கையாக உள்ள தாத்தாரிக்கமிலத்தின் உப்பு, குளிரில் பளிங்காகப் படிவது. உடம்புக்குக் கெடுதி இல்லை. சுடுநீரில் கரைத்துக் காட்டிய பிறகுதான் கடைக்காரர் நம்பினார். அதிலிருந்து சாற்றை நன்றாகக் குளிர்த்திப் படிய விட்டு வடித்த பிறகே அடைக்கிறார்கள்.

போத்தலில் ஒட்டும் தாளில் செய்த திகதி, முடியும் திகதி, சேர்த்த பொருட்கள் எல்லாம் உண்டு. உணவுக்குரிய பதிவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் பெற்றுத்தான் விற்கிறார்கள். முன்பு வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்த பழத்தில் பாதியை இப்போது ரசமாக்குகிறார்கள். பழம் மலிந்த கிழமையிலும் அடிமாட்டு விலைக்குப் போக வேண்டியதில்லை. "வியாபாரி படலையில நிண்டு விலை சொல்லுவார். இப்ப நான் உள்ளுக்க இருந்து 'வேண்டாம்' எண்டு சொல்லலாம்" என்றார் அக்கா.

வெளிக்கிட்டபோது மகள் படலை வரை வந்தார். வைன் யோசனையை விட்டுவிட்டாரா என்று கேட்டேன். "விடேல்லை அன்ரி. அம்மா இருக்கும் மட்டும் ரசம். பிறகு என்ர பிள்ளையள் படிச்சு, உரிமம் எடுத்து, முறையாச் செய்யினமெண்டால் செய்யட்டும். ஆனா போத்தல் வெடிக்கப்படாது" என்றார்.

பையில் இரண்டு போத்தல் ரசம் இருந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினேன். இலவசமாகத் தரப் பார்த்தார்கள், வேண்டாம் என்றேன். உழைப்புக்கு விலை கொடுப்பதுதான் மரியாதை. மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து பந்தல் தெரியாது. ஆனால் அடுத்த கத்தரிப்பு எப்போது என்று அக்கா சொன்னது நினைவிருந்தது: வருகிற சித்திரை. வருடப்பிறப்புக் கழிந்த கையோடு கத்தரிக்கோலை எடுப்பாராம். ஆடியில் பழம் பழுக்கும். நல்லூர்த் திருவிழாவுக்குச் சனம் வருகிற காலம் அது.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் அந்த நாட்களில் வலிகாமத்து ஒழுங்கைகளுக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். பந்தல் கண்டால் படலையில் நின்று கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். குனிந்து போங்கள், குலை தலையில் முட்டும்.